முதலில் வந்து சேரும் கைகள்: டாக்டர் பீட்டர் சஃபாரின் கதை

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முதலுதவி பயிற்சிக்குப் போயிருந்தேன். எந்த இடம்னு சொல்ல வேண்டாம். அறுபது பேர் இருந்தோம், ஒரே ஒரு சிபிஆர் பொம்மை. ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு, கடைசி அரை மணி நேரம் டெமோ. வரிசையில் நின்று என் முறை வந்தபோது பத்து தடவை அமுக்கியிருப்பேன். "நெக்ஸ்ட்" என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் சர்டிஃபிகேட் கைக்கு வந்தது. அன்றைக்கே ஸ்டேட்டஸ் போட்டேன்.

மூணு மாசம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் என் கண் முன்னாடியே ஒரு பெரியவர் சரிந்து விழுந்தார். கூட்டம் கூடிடுச்சு. நானும் குனிந்தேன். கையை நெஞ்சுக்கு நடுவில் வைக்கணுமா, இடது பக்கமா? முதலில் மூச்சு பார்க்கணுமா, நாடி பார்க்கணுமா? ஒண்ணுமே ஞாபகம் வரலை. நல்லவேளை, அவருக்கு வெறும் மயக்கம்தான். கொஞ்ச நேரத்தில் அவரே கண் விழித்து எழுந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சர்டிஃபிகேட் ஃபைலில் பத்திரமாக இருக்கு. ஆனா கைக்கு எதுவும் தெரியலை.

அந்த ராத்திரி சிபிஆர் பற்றித் தேடப் போய்தான் பீட்டர் சஃபார் என்ற பெயரைப் படித்தேன். சிபிஆரின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்க்கையின் பாதியை எடுத்துக்கொண்டது வேறு ஒரு கேள்வி: கண்டுபிடித்ததைக் கற்றுக்கொடுப்பது எப்படி? யாருக்குக் கற்றுக்கொடுப்பது? அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

வியன்னாவில் ஒரு டாக்டர் வீடு

1924 ஏப்ரல் 12-ஆம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பீட்டர் சஃபார் பிறந்தார். அப்பா கண் டாக்டர், அம்மா குழந்தைகள் டாக்டர். வசதியான, படித்த குடும்பம். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டபோது எல்லாம் தலைகீழாக மாறியது. அம்மாவின் வம்சத்தில் யூத ரத்தம் இருந்தது. அப்பா நாஜிக் கட்சியில் சேர மறுத்தார். இரண்டு பேருமே வேலையை இழந்தார்கள்.

பள்ளி முடித்த பீட்டரை முதலில் கட்டாய வேலை முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு ராணுவத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. பையனுக்குத் தோலில் எக்ஸிமா இருந்தது. அதன் மேல் காசநோய் பரிசோதனைக்குப் பயன்படும் டியூபர்குலின் மருந்தைத் தடவி, புண்ணை வேண்டுமென்றே மோசமாக்கிக்கொண்டார். போருக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். அவர் வயதுப் பையன்கள் பல பேர் ரஷ்யப் பனியில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. நமக்கு அரியர் வந்தாலே உலகம் முடிந்த மாதிரி இருக்கும். இவர் அந்த நிலைமையிலும் மருத்துவம் படித்து, 1948-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

அடுத்த வருடமே அமெரிக்கா. முதலில் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. பிறகு பென்சில்வேனியாவில் மயக்க மருந்துத் துறைக்கு மாறினார். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் மூச்சைக் கையில் பிடித்திருப்பவர் மயக்க மருந்து டாக்டர்தான். அந்தத் துறைக்கு வந்ததுதான் பின்னாடி எல்லாவற்றுக்கும் காரணம் ஆயிற்று. நடுவில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போய், லிமா நகரின் புற்றுநோய் மருத்துவமனையில் மயக்க மருந்துத் துறையைத் தொடங்கிவைத்தார். அதன்பின் 1950-களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு வந்து, அங்கிருந்த நகர மருத்துவமனையில் துறைத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

ஒரு கார் பயணம்

1956-இல் ஒரு மருத்துவ மாநாடு முடிந்து ஊர் திரும்பும் நீண்ட கார் பயணத்தில் ஜேம்ஸ் ஈலம் என்ற டாக்டர் சஃபாருக்குத் துணையாக வந்தார். 1940-களில் போலியோ பரவிய சமயம், மூச்சு நின்று நீலம் பாரித்துப் போன ஒரு குழந்தைக்குத் தன் வாயாலேயே மூச்சைக் கொடுத்து மீட்டவர் ஈலம். நாம் வெளியே விடும் மூச்சிலேயே இன்னொருவரை உயிரோடு வைக்கப் போதுமான ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதை அளந்தும் காட்டியிருந்தார். உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். வெளியே விடும்போதும் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கும். வீணாகப் போகிறது என்று நாம் நினைக்கிற மூச்சு ஒரு உயிரைக் காப்பாற்றும்.

ஆனால் அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்தது வேறு முறை. மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குவார்கள், கைகளைத் தூக்கி இறக்குவார்கள். செஞ்சிலுவைச் சங்கம், ராணுவம், தீயணைப்புப் படை எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இது வேலை செய்கிறதா என்று சரியாக அளந்து பார்த்தவர்கள் குறைவு.

சஃபார் அளந்து பார்க்க முடிவு செய்தார். சோதனை பயங்கரமானது. விழிப்போடு இருக்கும் ஆளிடம் செய்தால் அவர் தானாகவே மூச்சு விட்டுவிடுவார், ரிசல்ட் தப்பாகும். அதனால் தானாக முன்வந்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் போட்டு, மூச்சையே நிறுத்தினார். வாயில் ட்யூப் எதுவும் கிடையாது. பக்கத்தில் நின்று மூச்சு கொடுத்தவர்களில் டாக்டர் அல்லாத சாதாரண ஆட்களும் இருந்தார்கள். இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்கு அனுமதி கொடுக்காது. படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ரிசல்ட் தெளிவாக வந்தது. முதுகை அமுக்கும் முறையில் பல பேருக்குக் காற்று உள்ளேயே போகவில்லை. மயங்கினவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது, அதுதான் காரணம். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கினால் வழி திறக்கிறது. அதற்கப்புறம் வாயோடு வாய் வைத்து ஊதினால் நெஞ்சு உயர்வது கண்ணுக்கே தெரிகிறது. 1958-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. அந்த வருடம் அவர் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் அவரோடு சேர்ந்து எழுதியவர் டாக்டர் இல்லை. பால்டிமோர் தீயணைப்புத் துறை ஆம்புலன்ஸ் பிரிவின் அதிகாரி மார்ட்டின் மக்மஹன். ஆஸ்பத்திரிக்கு வெளியே முதலில் போய்ச் சேர்வது யார் என்று சஃபார் அப்போதே யோசித்திருக்கிறார் என்பதற்கு இது ஒரு அடையாளம்.

இங்கே நம்ம ஆட்கள் வருகிறார்கள்

சிபிஆரில் பாதி மூச்சு, மீதி பாதி நெஞ்சை அமுக்குவது. அந்த மீதி பாதிக்குப் பின்னால் இருந்தது எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்கள். ஈஈஈ நண்பர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவென்ஹோவன் என்ற எலக்ட்ரிக்கல் பேராசிரியர் இருந்தார். மின்கம்பத்தில் ஷாக் அடித்து இறக்கும் லைன்மேன்களைக் காப்பாற்ற வழி தேடி, மின் நிறுவனங்களின் பண உதவியோடு வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர். 1958-இல் அவருடைய லேபில் நாய்களின் இதயத்தை ஷாக் கொடுத்து மீட்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. கனமான எலக்ட்ரோடுகளை நெஞ்சில் அழுத்தி வைக்கும்போதெல்லாம், நின்றுபோன ரத்த அழுத்தம் மானிட்டரில் லேசாக ஏறுவதை கை நிக்கர்பாக்கர் என்ற எஞ்சினியரிங் ஆராய்ச்சி மாணவர் கவனித்தார். ஷாக் கொடுக்கவே இல்லை, வெறும் அழுத்தத்துக்கே ரத்தம் ஓடுகிறது! நெஞ்சைத் திறக்காமலேயே இதயத்தை வேலை செய்யவைக்கலாம் என்பது அங்கேதான் பிடிபட்டது. ஜேம்ஸ் ஜூட் என்ற சர்ஜனோடு சேர்ந்து 1960-இல் அதை வெளியிட்டார்கள்.

நெஞ்சை அமுக்கினாலே கொஞ்சம் காற்றும் உள்ளே போய் வரும், தனியாக மூச்சு கொடுக்க வேண்டாம் என்று ஒரு கருத்து அப்போது இருந்தது. சஃபார் அதையும் சோதித்தார். சாய்க்காத தலையோடு கிடக்கும் ஆளுக்கு அமுக்கினால் மட்டும் போதிய காற்று போகவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தார். முதலில் மூச்சு வழி, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம். இங்கிலீஷில் ஏ, பி, சி. பதற்றத்தில் மூளை வேலை செய்யாது என்று தெரிந்துதான் குழந்தைக்குக்கூட மறக்காத எழுத்துகளில் கட்டிவைத்தார். (2010-இல் இந்த வரிசையை மாற்றி, முதலில் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். அளந்து பார்த்து மாற்றுவது சஃபாரின் வழிதானே.)

பால்டிமோரில் இருந்தபோதே, 1958-இல், 24 மணி நேரமும் டாக்டர் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றையும் தொடங்கினார். நாம் இன்றைக்கு ஐசியூ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அமெரிக்காவில் அதன் ஆரம்பங்களில் ஒன்று அது.

பொம்மைக்காரர்

சரி, முறை தயார். கற்றுக்கொடுப்பது எப்படி? உயிரோடு இருக்கும் ஆளின் நெஞ்சை முழு பலத்தோடு அமுக்கிப் பழக முடியாது, விலா எலும்பு உடையும். ஒருத்தர் வாயில் ஒருத்தர் ஊதிப் பழகவும் எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படம் பார்த்துக் கற்றுக்கொண்டால் என் கதிதான்.

நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஆஸ்முண்ட் லார்டால் என்பவர் பொம்மைகளும் விளையாட்டுக் கார்களும் செய்துகொண்டிருந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் கைதேர்ந்தவர். ராணுவப் பயிற்சிக்காக நிஜம் போலவே இருக்கும் போலிக் காயங்களும் செய்து கொடுத்தார். அவருடைய சின்ன மகன் தண்ணீரில் மூழ்கி மூச்சில்லாமல் கிடந்தபோது, தூக்கி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றியவர். அதனால் இந்த விஷயம் அவருக்கு வெறும் வியாபாரம் கிடையாது. பியோர்ன் லிண்ட் என்ற நார்வே டாக்டர் வழியாக சஃபாரின் வேலை லார்டாலுக்குத் தெரியவந்தது. 1960-இல் ஆன் என்ற பயிற்சிப் பொம்மை பிறந்தது. பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார்கள்.

இதில் டிசைன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தலையைச் சரியாகச் சாய்த்தால்தான் அந்தப் பொம்மையின் தொண்டை திறக்கும். சாய்க்காமல் எவ்வளவு ஊதினாலும் நெஞ்சு அசையாது. நெஞ்சுக்குள் ஸ்ப்ரிங் வைக்கச் சொன்னவர் சஃபார், அமுக்கிப் பழகுவதற்காக. யாரும் பக்கத்தில் நின்று திருத்த வேண்டாம், தப்பு செய்தால் பொம்மையே காட்டிக்கொடுத்துவிடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஃபீட்பேக் லூப் என்று படம் போட்டு மார்க் வாங்குகிறோமே, அதுதான் இது. ஃபீட்பேக் இல்லாத பயிற்சியில் தப்பே பழக்கமாகிவிடும்.

யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

பொம்மை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நெஞ்சை அமுக்குவதை டாக்டர் அல்லாதவர்கள் செய்யலாமா என்றே 1960-களில் சண்டை நடந்தது. விலா உடையும், கல்லீரல் கிழியும், இது டாக்டர் வேலை என்றார்கள். டாக்டர், நர்ஸ் போன்ற சுகாதாரப் பணியாளர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 1966-இல்தான் அதிகாரபூர்வப் பரிந்துரை வந்தது. பொதுமக்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சாக ஆரம்பிக்கும். கமிட்டிகளுக்கு மட்டும் அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

சஃபார் 1961-லேயே பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். 1966-இல் அவருடைய வீட்டுக்கே அந்த நாலைந்து நிமிடம் வந்தது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் எலிசபெத்துக்கு ஆஸ்துமா. ஒரு நாள் அது முற்றி, மூச்சும் இதயத் துடிப்பும் நின்றன. டாக்டர்கள் முயன்று இதயத்தை மறுபடியும் ஓடவைத்தார்கள். ஆனால் அதற்குள் மூளை போய்விட்டது. சில நாட்களில் குழந்தை இறந்துவிட்டாள். உலகத்துக்கே மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் மகள்.

அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஒரு அரசியல் கூட்டத்தில், முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் மேடையிலேயே மாரடைப்பில் விழுந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் மூச்சு கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது போலீஸ் வேன். இதயம் திரும்பியது, மூளை திரும்பவில்லை. பதினேழு நாள் கழித்து அவரும் இறந்தார்.

இரண்டு சாவிலும் ஒரே கதைதான். ஆஸ்பத்திரிக்கு உள்ளே எல்லாம் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு வெளியே எதுவும் இல்லை.

ஹில் டிஸ்ட்ரிக்ட்

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்றால் பல ஊர்களில் சவ அடக்கக் கடைக்காரரின் வண்டிதான். பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன். கைதிகளை ஏற்றும் அதே வேனில் ஒரு கேன்வாஸ் ஸ்ட்ரெச்சர் போட்டு நோயாளியை ஏற்றுவார்கள். பின்னாடி நோயாளி தனியாக, முன்னாடி போலீஸ்காரர்கள். போகும் வழியில் மூச்சு நின்றால் பார்க்க ஆள் கிடையாது. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்களின் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். கூப்பிட்டால் போலீஸ் வருமா என்பதே நிச்சயமில்லை. வந்தாலும் எப்படி நடத்துவார்கள் என்று பயம்.

அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்ற கறுப்பின மக்களின் அமைப்பு ஒன்று இருந்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை ஏற்படுத்திக் கொடுப்பது அதன் நோக்கம். ஃபில் ஹாலன் என்ற அறக்கட்டளைத் தலைவர் அந்த அமைப்பையும் சஃபாரையும் சேர்த்துவைத்தார். 1967-இல் திட்டம் ஆரம்பித்தது. சேர்ந்தவர்கள் அந்தத் தெருக்களின் ஆட்களே. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், சிறை போய் வந்தவர்கள்கூட உண்டு. இவர்களுக்கு எந்த வேலையும் கொடுக்க முடியாது என்று ஊர் முத்திரை குத்தி வைத்திருந்தது.

சஃபார் கொடுத்தது சுமார் 300 மணி நேரப் பயிற்சி. அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு அதில் கால்வாசிகூடக் கிடைக்காது. உடற்கூறு, உடலியங்கியல் பாடங்கள், லார்டால் பொம்மையில் சிபிஆர், பிறகு ஆஸ்பத்திரிக்குள் நிஜ நோயாளிகளோடு வேலை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நின்று மூச்சு வழியைப் பிடித்துப் பழகினார்கள். பள்ளி முடிக்காதவர்கள் அதற்கு இணையான தேர்வையும் எழுத ஏற்பாடு செய்தார்கள். வண்டியையும் விடவில்லை சஃபார். நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து மூச்சு கொடுக்க இடம் இருக்கணும், நிமிர்ந்து வேலை செய்ய உயரம் இருக்கணும் என்று உள்ளமைப்பை அவரே வடிவமைத்தார். இப்போது ரோட்டில் போகும் ஆம்புலன்ஸைப் பின்பக்கம் திறந்து பார்த்தால் தலைமாட்டில் ஒரு சீட் இருக்கும். அது ஏன் அங்கே இருக்கு என்று இனிமேல் உங்களுக்குத் தெரியும்.

1968-இல் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. முதல் வருடத்தில் 5,800-க்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குப் போனார்கள். சுமார் 200 உயிர்கள் பிழைத்ததாக சஃபார் கணக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு கேஸையும் எழுதிவைத்து, செய்த சிகிச்சை சரியா தப்பா என்று அலசி, போலீஸ் வேன் சேவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஃப்ரீடம் ஹவுஸ் எங்கேயோ மேலே இருந்தது. முடிவுகள் மருத்துவ இதழில் வெளிவந்தன.

1974-இல் நான்சி கரோலைன் என்ற இளம் டாக்டரைப் பொறுப்பாளராகப் போட்டார் சஃபார். அவர் ஆபீஸில் உட்காரவில்லை. ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போனார். தெருவில் என்ன தப்பு நடக்கிறதோ அதையே மறுநாள் பாடமாக நடத்தினார். அங்கே உருவான பாடத்திட்டம்தான் பாராமெடிக் பயிற்சிக்கான அமெரிக்காவின் தேசியப் பாடத்திட்டத்துக்கு அடித்தளம். பிறகு அவர் எழுதிய புத்தகத்தைப் பல தலைமுறை பாராமெடிக்குகள் படித்தார்கள். அத்தனையும் ஒரு சின்ன ஏரியாவில் ஆரம்பித்தது.

கசப்பான பக்கம்

கதையை இங்கேயே நிறுத்தினால் நல்லா இருக்கும். ஆனால் நிறுத்த முடியாது.

பிட்ஸ்பர்க்கின் மற்ற பகுதி மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: ஹில் டிஸ்ட்ரிக்டுக்கு இருக்கும் ஆம்புலன்ஸ் எங்களுக்கு ஏன் இல்லை? நகர நிர்வாகம் ஃப்ரீடம் ஹவுஸையே விரிவாக்கியிருக்கலாம். அதற்குப் பதில் சொந்தமாக ஒரு சேவையைத் தொடங்கியது. 1975 அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புது சேவையில் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஃப்ரீடம் ஹவுஸ் ஊழியர்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான்சி கரோலைன் போராடினார். எடுத்தார்கள், ஆனால் பிரித்துப் போட்டார்கள். புதுப் புதுத் தேர்வுகள், பழைய குற்றப் பதிவுகளைக் கிளறுவது, அனுபவம் குறைந்தவர்களுக்குக் கீழே வேலை. பல பேர் வெளியே தள்ளப்பட்டார்கள், சில பேர் வெறுத்துப் போய் விட்டார்கள். ஊருக்கே கற்றுக்கொடுத்த ஆட்கள்!

திறமை இல்லாமல் அவர்கள் போகவில்லை. அவர்களிடம் எண்கள் இருந்தன, ஆதாரம் இருந்தது. ஆனால் டேட்டா சரியாக இருந்தால் போதும், அமைப்பு தானாக மாறிவிடும் என்று நம்மைப் போன்ற எஞ்சினியரிங் பசங்க நம்புகிறோமே, அது உண்மையில்லை என்பதற்கு இதை விடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் கதையே வெளியில் பேசப்படுவதற்குப் பல வருடங்கள் ஆயின.

கடைசி வரை மூளை

சஃபாரின் மிச்ச வாழ்க்கை மகள் விட்டுப்போன கேள்வியோடு போயிற்று. இதயம் திரும்புகிறது, மூளை ஏன் திரும்புவதில்லை? சிபிஆர் என்ற பெயரிலேயே மூளையையும் சேர்க்க வேண்டும் என்றார். 1979-இல் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். இதயம் மீண்டவரின் உடலைச் சில டிகிரி குளிரவைத்தால் மூளை சேதம் குறையுமா என்று வருடக்கணக்காகப் பார்த்தார். 2002-இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் பலன் இருப்பதாகக் காட்டின. ஐரோப்பிய ஆய்வு அவருடைய சொந்த ஊரான வியன்னாவிலிருந்து நடத்தப்பட்டது. பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகள் அந்தப் பலனைக் கேள்விக்கு உட்படுத்தின. விவாதம் இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில் உலக மயக்க மருந்து டாக்டர்கள் கூட்டமைப்புக்காக சிபிஆர் கையேடு ஒன்றை 1968-இல் எழுதினார். அது பல மொழிகளுக்குப் போனது. பேரிடர் மருத்துவத்துக்கான உலக அமைப்பு ஒன்றை 1976-இல் மற்ற டாக்டர்களோடு சேர்ந்து தொடங்கினார். நோபல் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்டில், 79 வயதில், புற்றுநோயால் பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் இறந்தார்.

நமக்கு என்ன?

இதைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வரவிடணும். இந்த ஒரு வரியை நான் உங்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன். அதனால் உங்களுக்கு சிபிஆர் தெரிந்துவிட்டதா? இல்லை. நீச்சல் பற்றிப் படித்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிற கதைதான். பொம்மை மேல் ரெண்டு நிமிஷம் நிறுத்தாமல் அமுக்கிப் பாருங்கள், ஒரு நிமிஷத்திலேயே கை நடுங்கும். அந்த நடுக்கம் தெரிந்த கைக்குத்தான் தெருவில் குழப்பம் வராது. அதையும் சில மாதங்களுக்கு ஒரு தடவை திரும்பச் செய்யணும். இது நர்ஸுக்கும் டாக்டருக்கும்கூடப் பொருந்தும். பழகாமல் விட்டால் அவர்கள் கையும் மறக்கும்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை நம் காலேஜில் முதலுதவி பயிற்சி நடந்தால், ஏற்பாடு செய்யும் நண்பர்கள் ஸ்லைடைப் பாதியாகக் குறையுங்கள். பொம்மைகளைக் கூட்டுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் முழுசாக ரெண்டு நிமிஷம் கொடுங்கள். மாணவர்களோடு சேர்த்து ஹாஸ்டல் வார்டன், பஸ் டிரைவர் அண்ணன்கள், செக்யூரிட்டி ஐயா, மெஸ் அக்காக்கள் எல்லாரையும் கூப்பிடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் யாராவது விழுந்தால் முதலில் ஓடி வரப்போவது அவர்கள்தான்.

நானும் வருவேன். பழைய சர்டிஃபிகேட்டைக் கொண்டு வர மாட்டேன். வரிசையில் முதல் ஆளாக நின்று, ரெண்டு நிமிஷம் முடியும் வரைக்கும் இடத்தை விட மாட்டேன்.